ஒரே லேப்டாப்பில் ஜாவா 8, 17, 21: மூன்றையும் வைத்துக் குடித்தனம் நடத்த முடியுமா?

கேள்வி: 4 ஜனவரி 2024, மாலை

கல்லூரி லேபில் ஜாவா 8. இறுதியாண்டு புராஜெக்டுக்கு 17 வேண்டும் என்கிறார்கள். ஒரே மெஷினில் இரண்டு ஜேடிகே (ஜாவா எழுதி ஓட்டத் தேவையான கருவித் தொகுப்பு) இருந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், பழையதை எடுத்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும் என்று சீனியர் ஒருவர் சொன்னார். அப்படியே செய்தேன். ஜேடிகே 8-ஐ அன்இன்ஸ்டால் செய்து, 17-ஐ ஜிப்பாக இறக்கி விரித்து, பாத்திலும் (கட்டளைகளை விண்டோஸ் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) சேர்த்தாயிற்று. இப்போது பதிப்பு என்னவென்று கேட்டால் 1.8 என்கிறது. எடுத்துப் போட்டது எங்கிருந்து பேசுகிறது?

பதில்: 4 ஜனவரி 2024, இரவு

உங்கள் சீனியர் சொன்னது தப்பு. என் லேப்டாப்பில் இப்போது 8, 11, 17, 21 நான்கும் இருக்கின்றன. ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. ஜேடிகே என்பது ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான். உள்ளே ‘பின்’ (ஓட்டும் கோப்புகள் இருப்பது), ‘லிப்’ என்று சில ஃபோல்டர்கள் இருக்கும். டி டிரைவுக்கு நகர்த்தினாலும் ஓடும், பென் டிரைவில் வைத்தாலும் ஓடும். பத்து ஜேடிகே வைத்தால் இடம்தான் அடையும், வேறு கேடு இல்லை.

உங்கள் சிக்கல் வேறு. பாத்தை மாற்றிய பிறகு கமாண்ட் ப்ராம்ப்ட்டை மூடித் திறந்தீர்களா? அந்தக் கறுப்பு ஜன்னல் பிறக்கும்போதே பாத்தை ஒரு நகல் எடுத்துக்கொள்ளும். அதன்பிறகு வெளியே என்ன மாற்றினாலும் அதன் காதில் விழாது. பழைய ஜன்னலில் கேட்டால் பழைய பதில்தான். மூடிவிட்டுப் புதிதாகத் திறங்கள், சரியாகிவிடும்.

5 ஜனவரி 2024, காலை

சரியாகவில்லையாம். மெஷினையே ரீஸ்டார்ட் செய்தும் 1.8 தான் வருகிறதாம். நேற்று ‘சரியாகிவிடும்’ என்று அடித்துச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

தம்பி, ‘வேர் ஜாவா’ என்று தட்டுங்கள். ஆங்கிலத்தில் ‘எங்கே’ என்று அர்த்தம். தமிழ் வேர் என்று எடுத்துக்கொண்டாலும் பாதகமில்லை, தோண்டப்போவது அதைத்தான். பாத்தில் எந்தெந்த ஃபோல்டரில் ஜாவா இருக்கிறதோ, எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டும். முதல் வரியில் இருப்பதுதான் ஓடும். மற்றவை வரிசையில் நிற்கும் கூட்டம்.

5 ஜனவரி 2024, மதியம்

அப்படியே, எழுதிய கோடை ஜாவா ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரான ‘ஜாவாசி’யின் பதிப்பையும் கேளுங்கள். ஜாவா 8 என்றும் ஜாவாசி 17 என்றும் வந்தால் ஆள் யார் என்று சொல்லிவிடுவேன்.

6 ஜனவரி 2024

வந்துவிட்டது. ஜாவா 1.8, ஜாவாசி 17. ‘வேர் ஜாவா’வின் முதல் வரி ‘ஜாவாபாத்’ என்று முடியும் ஒரு ஃபோல்டர்.

கதை இதுதான். ஜாவாவை வெளியிடும் நிறுவனமான ஆரக்கிளின் 8-ஐ வழக்கமான செட்டப் கோப்பை வைத்துப் போட்டால் ஒன்று அல்ல, இரண்டு இறங்கும். ஒன்று ஜேடிகே, இன்னொன்று தனியாக ஒரு ஜேஆர்இ, ஓட்ட மட்டும் தெரிந்தது. புரோகிராம் பட்டியலில் இரண்டும் இரண்டு வரிகளாக நிற்கும். நீங்கள் ஜேடிகேயை மட்டும் எடுத்தீர்கள். ஜேஆர்இ உட்கார்ந்தே இருக்கிறது. அதன் செட்டப், பாத்தின் தலைமாட்டிலேயே ‘ஜாவாபாத்’ என்று தனக்கு ஒரு பாய் விரித்துக்கொண்டது. அந்த ஃபோல்டருக்குள் ஜாவா, ஜாவாடபிள்யூ, ஜாவாடபிள்யூஎஸ் மூன்றுதான், கம்பைலர் கிடையாது. அதனால்தான் ஓட்டுவது 8, கம்பைல் செய்வது 17.

இன்னொரு விஷயமும் சேர்ந்திருக்கிறது. அவர் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். 17-இன் பின் ஃபோல்டரை மேலே உள்ள பெட்டியில், அதாவது பயனர் மாறிகளில் சேர்த்திருக்கிறார். கீழே உள்ள பெட்டி சிஸ்டத்துடையது. பார்க்கிறவருக்கு மேலே இருப்பதுதான் முதலில் என்று தோன்றும். விண்டோஸ் எடுத்துக்கொள்வது தலைகீழ்: சிஸ்டம் பாத் முதலில், அதன் வாலில் பயனர் பாத். மேல் பெட்டியில் முதல் வரியாகவே போட்டிருந்தாலும் ‘ஜாவாபாத்’துக்குப் பின்னால்தான் நின்றிருப்பார்.

செய்ய வேண்டியது: கீழ்ப் பெட்டியில் பாத்தைத் திறந்து, 17-இன் பின் ஃபோல்டரைச் சேர்த்து, எல்லாவற்றுக்கும் மேலே நகர்த்துங்கள். ஜேஆர்இயை எடுக்க வேண்டாம். பாவம், அது பாட்டுக்கு இருக்கட்டும்.

7 ஜனவரி 2024

ஓடிவிட்டது என்று சொன்னார். கூடவே, நேற்று வரை வந்துகொண்டிருந்த பிழைச் செய்தியில் 61.0, 52.0 என்று இருந்ததே, அது என்ன என்று கேட்டிருக்கிறார்.

கம்பைல் ஆன ஒவ்வொரு கிளாஸ் கோப்பின் நெற்றியிலும் ஒரு எண் எழுதியிருக்கும். கோப்பை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் முதல் நான்கு பைட்டும் சேர்ந்து ‘கஃபே பேப்’ என்று படிக்கும்படி இருக்கும். ஜாவாவை உருவாக்கியவர்களின் குறும்பு. அதன்பின் இரண்டு பைட் சிறு எண், பெரும்பாலும் பூஜ்யம். அதற்கடுத்த இரண்டு பைட்தான் நெற்றி எண். அதிலிருந்து 44-ஐக் கழித்தால் ஜாவாவின் பதிப்பு. 52 என்றால் 8. 55 என்றால் 11. 61 என்றால் 17. 65 என்றால் 21. ‘இந்தக் கோப்பு 61, எனக்கு 52 வரைதான் தெரியும்’ என்று பழைய ஜாவா கைவிரித்த செய்திதான் அது. மேல்நோக்கித்தான் இந்தத் தகராறு. 8-இல் கம்பைல் ஆனதை 17 மறுக்காமல் வாங்கிக்கொள்ளும்.

இந்த 44 கணக்கு தெரிந்த பிறகு பிழைச் செய்தியைப் பார்த்து நான் பதறுவதில்லை. முன்பெல்லாம் அந்த எண்ணை அப்படியே தேடுபெட்டியில் போட்டுத் தேடிக்கொண்டிருந்தேன்.

8 ஜனவரி 2024

வேறொருவர் உதவுகிறேன் என்று ‘செட்எக்ஸ்’ கட்டளையால் பாத்தை மாற்றச் சொல்லியிருக்கிறார். செய்யாதீர்கள். தயவுசெய்து.

2019-இல் நான் செய்தேன். ஆபீஸ் மெஷின். பாத்தின் முன்னால் ஜேடிகே 11-ஐ ஒட்ட நினைத்து ‘செட்எக்ஸ்’ தட்டினேன். ‘1024 எழுத்துகளோடு வெட்டப்படுகிறது’ என்று ஒரு எச்சரிக்கை. அதற்கு அடுத்த வரியிலேயே ‘வெற்றி’! நான் வெற்றியைத்தான் படித்தேன். எங்கள் ஆபீஸ் மெஷின்களில் பாத் அனுமார் வால். ஆயிரத்துச் சொச்சம் எழுத்துக்கு மேல் இருந்த அத்தனையும் போய்விட்டது. கிட் இல்லை, மேவன் இல்லை, டேட்டாபேஸ் கிளையன்ட் இல்லை. கடைசியாக மிஞ்சிய ஃபோல்டர் பெயர் பாதியில் அறுந்து தொங்கியது. போதாக்குறைக்கு சிஸ்டம் பாத்தும் பயனர் பாத்தும் ஒன்றாகக் குழைந்து பயனர் பாத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டன.

எப்படி மீண்டேன்? காலையிலிருந்து மூடாமல் விட்டிருந்த ஒரு கறுப்பு ஜன்னல் டாஸ்க்பாரின் ஓரத்தில் கிடந்தது. அதில் பாத்தை எழுதிக் காட்டச் சொன்னேன். முழுசாக வந்தது. நோட்பேடில் ஒட்டி, எது சிஸ்டத்துடையது எது என்னுடையது என்று பிரித்துத் திரும்பப் போட்டேன். 4-ஆம் தேதி நான் திட்டிய அதே குணம்தான், பழைய ஜன்னல் பழைய பாத்தையே பிடித்துக்கொண்டு நிற்கும் குணம், அன்றைக்கு என் மானத்தைக் காப்பாற்றியது.

9 ஜனவரி 2024

இல்லை, ‘செட்எக்ஸ்’ முழுக்கவே ஆகாது என்று சொல்லவில்லை. ஜாவா ஹோமை (ஜேடிகே எங்கே இருக்கிறது என்று மற்றக் கருவிகளுக்குச் சொல்லும் மாறி) போடப் பயன்படுத்தலாம், அது சின்ன வரி. பாத்துக்கு மட்டும் வேண்டாம்.

ஜாவா ஹோம் என்றதும் நினைவுக்கு வருகிறது. அது ஜேடிகேயின் முதன்மை ஃபோல்டரைக் காட்ட வேண்டும். பின் ஃபோல்டரை அல்ல. நான் பார்த்த ஜாவா ஹோம் தவறுகளில் பாதி இதுதான்.

17 ஜனவரி 2024, இரவு

பொங்கலுக்கு ஊருக்கு வந்தேன். லீவில் ஜாவா பக்கமே போகக் கூடாது என்றுதான் இருந்தேன்.

மாமா சின்னக் காண்ட்ராக்டர். வாய்க்கால் தூர் வாருவது, பஞ்சாயத்துச் சாலை, இப்படி. ஆன்லைனில் டெண்டர் போட வேண்டும். டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யூஎஸ்பி டோக்கனைச் செருகி, தளத்திலிருந்து ஒரு ஜேஎன்எல்பி கோப்பை இறக்கி, இரட்டைக் கிளிக் செய்து, கையெழுத்துப் போட வேண்டும். நாளை மதியம் மூன்று மணி கடைசி. மாட்டுப் பொங்கல் அன்றே ‘மாப்ள, அது திறக்க மாட்டேங்குது’ என்றார். பார்க்கிறேன் மாமா என்று சொல்லிவிட்டுக் கரும்பு தின்றுகொண்டிருந்தேன்.

இன்று உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்தில் குற்றவாளி அகப்பட்டான். நான்தான். போன தீபாவளிக்கு வந்தபோது, ‘எவ்வளவு பழைய ஜாவா வைத்திருக்கிறீர்கள், இதெல்லாம் பாதுகாப்பில்லை’ என்று சொல்லி 8-ஐ எடுத்துவிட்டு 17 போட்டுக் கொடுத்திருக்கிறேன். மேலே ஒரு சீனியரைத் தப்பு என்றேனே, அவர் வாயால் சொன்னதை நான் கையால் செய்திருக்கிறேன். ஜேஎன்எல்பியைத் திறப்பது ஜாவா வெப் ஸ்டார்ட். அது 11-லேயே நீக்கப்பட்டுவிட்டது. 17-க்கு அந்தக் கோப்பைக் கண்டால் யார் நீ என்று கேட்கும்.

சரி, 8 திரும்பப் போடுவோம் என்று கையிலிருந்த ஓப்பன்ஜேடிகே (ஜாவாவின் திறமூலப் பதிப்பு) 8 ஜிப்பை விரித்தேன். அதிலும் வெப் ஸ்டார்ட் இல்லை. ஓப்பன்ஜேடிகேயில் அது எந்நாளும் இருந்ததில்லை, ஆரக்கிளின் 8-இல்தான் உண்டு. நான் மறந்தே போயிருந்தேன். எல்லா 8-ம் ஒரே 8 அல்ல. பிறகு ஆரக்கிளின் 64-பிட் 8. கோப்பு திறந்தது, மாமா முகத்தில் வெளிச்சம். டோக்கனைக் காணோம் என்றது. மறுபடியும் இருட்டு. டோக்கனோடு வந்த டிரைவர் 32-பிட் டிஎல்எல் (புரோகிராம் தனக்குள் ஏற்றிக்கொள்ளும் கோப்பு). 64-பிட் ஜாவாவுக்குள் 32-பிட் டிஎல்எல்லை ஏற்ற முடியாது. அதையும் எடுத்துவிட்டு 32-பிட் 8 போட்டேன். இரவு ஒன்பதே முக்காலுக்கு டோக்கனின் ரகசிய எண்ணைக் கேட்டது. மாமா அந்த எண்ணை மறந்திருந்தார், அது வேறு கதை. அத்தை ஒரு பழைய டைரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

18 ஜனவரி 2024

டெண்டர் பதிவாகிவிட்டது, 1.20-க்கு.

4-ஆம் தேதி எழுதியதற்குத் திருத்தம். ‘ஜேடிகே ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான்’ என்றேன். ஜிப்பாக இறக்கினால் அப்படித்தான். செட்டப் மூலம் போட்டால் அது ரெஜிஸ்ட்ரியில் எழுதும், பாத்தில் ஏறும், ஜார், ஜேஎன்எல்பி கோப்புகளை எதனால் திறப்பது என்பதையும் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளும். ஃபோல்டர் மட்டும் வந்தால் விருந்தாளி. செட்டப்போடு வந்தால் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கிற ஆள். நான் வைத்திருக்கும் நான்கில் மூன்று ஜிப். சண்டை வராததற்கு அதுதான் காரணம் போல; என் சாமர்த்தியம் அல்ல.

21 ஜனவரி 2024

உபுண்டு லினக்ஸ்காரர் ஒருவர் ‘இதெல்லாம் விண்டோஸ் தலைவலி’ என்கிறார். உங்களுக்கும் உண்டு ஐயா. ‘அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ்’ வைத்து ஜாவாவை 17-க்கு மாற்றுவீர்கள். ஜாவாசிக்குத் தனியாக இன்னொரு முறை கேட்க வேண்டும். மறந்தால் நம் தம்பியின் நிலைதான், கம்பைலர் ஒன்று, ஓட்டுவது ஒன்று. ‘அப்டேட்-ஜாவா-ஆல்டர்னேட்டிவ்ஸ்’ என்று நடுவில் ஜாவா சேர்ந்த இன்னொரு கட்டளை உண்டு, அது எல்லாவற்றையும் ஒரே அடியில் மாற்றும். ஆனாலும் ஜாவா ஹோமை இரண்டுமே தொடாது.

மேக்கில் ‘ஜாவா ஹோம்’ என்றே ஒரு சின்னக் கருவி ஆப்பிள் வைத்திருக்கிறது. பதிப்பைச் சொன்னால் பாதையைச் சொல்லும். 17-க்கு 17 என்று கேட்கலாம், 8-க்கு 1.8 என்று கேட்க வேண்டும். வெறும் 8 என்று கேட்டு, அதைவிடப் புதியது ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டதே என்று நண்பர் ஒருவர் அரை நாள் குழம்பினார். 9-இல்தான் முன்னால் இருந்த அந்த ‘1.’ உதிர்ந்தது.

28 ஜனவரி 2024

தம்பி திரும்பி வந்திருக்கிறார். ஜாவா 17, ஜாவாசி 17, ஆனால் புராஜெக்டைக் கட்டித் தரும் கருவியான மேவன் மட்டும் ‘கம்பைலர் எங்கே’ என்கிறது.

மேவன் பாத்தைக் கேட்பதற்கு முன் ஜாவா ஹோமைக் கேட்கும். அவருடைய ஜாவா ஹோம் இன்னும் 8-இன் ஜேஆர்இயைக் காட்டிக்கொண்டிருக்கும். மேவனின் பதிப்பைக் கேளுங்கள். அது தன் பதிப்போடு எந்த ஜாவாவில் ஓடுகிறது, அந்த ஜாவா எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று மூன்றையும் சொல்லும். எனக்கு ‘வேர் ஜாவா’வைவிட அந்தச் செய்தியில்தான் நம்பிக்கை.

இங்கேதான் ஆட்டமே. பாத் ஒன்று சொல்லும், ஜாவா ஹோம் ஒன்று சொல்லும். கோடு எழுதும் எடிட்டரான எக்லிப்ஸ் தன் செட்டிங்ஸில் ஒன்று வைத்திருக்கும். அந்த எக்லிப்ஸ் எதில் ஓட வேண்டும் என்று அதன் ஐஎன்ஐ கோப்பில் இன்னொன்று எழுதியிருக்கும். (அதில் ‘விஎம்’ என்பதை ஒரு வரியிலும் பாதையை அடுத்த வரியிலும் எழுத வேண்டும், இரண்டும் ‘விஎம் ஆர்க்ஸ்’ வரிக்கு முன்னால் இருக்க வேண்டும். ஒரே வரியில் எழுதினால் கண்டுகொள்ளாது. யார் இப்படி யோசித்தார்களோ.) இன்னொரு எடிட்டரான இன்டெலிஜேயில் புராஜெக்டுக்கு ஒரு எஸ்டிகே (அங்கே ஜேடிகேக்கு அதுதான் பெயர்), மேவன் ஓட ஒன்று, மேவன் மாதிரியே இன்னொரு கருவியான கிரேடில் ஓட ஒன்று என்று மூன்று இடம். ஒரு கூட்டுக் குடும்பத்தில் ‘இன்றைக்கு என்ன சமையல்’ என்று ஆளாளுக்குக் கேட்டால் ஆளாளுக்கு ஒன்று சொல்வது மாதிரி. எல்லாருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள், அவரவர் தட்டைப் பார்த்து.

29 ஜனவரி 2024

கிரேடிலை விட்டுவிட்டேன். ஒரு முறை ஓடினால் பின்னணியில் ஒரு டீமன் விழித்துக்கொண்டே இருக்கும், அடுத்த பில்ட் வேகமாக நடக்க. செட்டிங்ஸைக் குடைந்துகொண்டே போவதற்கு முன் ‘கிரேடில் ஸ்டாப்’ கொடுத்துப் பாருங்கள். பிறகு கிரேடிலின் பதிப்பு. 17-இல் ஓட 7.3-ஆவது வேண்டும், 21-க்கு 8.5. பழைய புராஜெக்டில் இந்தப் பக்கத்தை யாரும் பார்ப்பதே இல்லை, ஜேடிகேயைத்தான் திட்டுவார்கள்.

11 பிப்ரவரி 2024

நீண்ட நாளாக எழுத நினைத்தது.

‘எதற்கு நாலு ஜேடிகே? புதியது ஒன்றை வைத்துக்கொண்டு கம்பைலரிடம் சோர்ஸ் 8, டார்கெட் 8 என்று போட்டால் 8-க்கு வேண்டியது கிடைத்துவிடுமே’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நானும் அப்படித்தான் நினைத்தேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் 11-இல் கம்பைல் செய்து, வாடிக்கையாளரிடம் 8-இல் ஓடும் சர்வருக்கு அனுப்பினோம். நெற்றியில் 52 என்றுதான் இருந்தது, பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். கிளாஸ் எல்லாம் ஏறியது. முதல் கோரிக்கை வந்ததும் ‘பைட்பஃபரில் ஃபிலிப் என்ற மெத்தட் இல்லை’ என்று செத்தது.

பைட்பஃபர் என்பது பைட்களைத் தற்காலிகமாக வைக்க ஜாவா நூலகத்திலேயே உள்ள வகுப்பு. அதில் ஃபிலிப் இல்லையா? அது ஜாவா 1.4-லிருந்து இருக்கிறது! சத்தியமாக ஒன்றரை நாள் உட்கார்ந்தோம். வாடிக்கையாளரின் சர்வரில் ஏதோ கோளாறு என்று அஞ்சல் கூட எழுதிவிட்டேன், அனுப்பவில்லை. நல்லவேளை.

நடந்தது இது. 8 வரை ஃபிலிப், பஃபர் என்ற தாய் வகுப்பில் மட்டும் இருந்தது, பஃபரைத் திருப்பித் தரும். 9-இல் பைட்பஃபரே அதைத் தன் பெயரில் எழுதிக்கொண்டது, பைட்பஃபரைத் திருப்பித் தரும். சோர்ஸ், டார்கெட் இரண்டும் மொழியையும் நெற்றி எண்ணையும்தான் கட்டுப்படுத்தும். நூலகத்தை 11-லிருந்துதான் கம்பைலர் பார்த்தது. அதனால் ‘பைட்பஃபரைத் தரும் ஃபிலிப்’ என்று கிளாஸ் கோப்பில் எழுதி வைத்தது. 8-இல் அப்படி ஒன்று இல்லை. நம் கோடில் ஒரு எழுத்துக்கூடத் தவறில்லை.

இதற்காகத்தான் 9-லிருந்து ‘ரிலீஸ்’ என்று ஒரு விருப்பம் உண்டு. ரிலீஸ் 8 என்று போட்டால் மொழி, எண், நூலகம் மூன்றும் 8-உடையதாகவே இருக்கும். மேவனில் சோர்ஸ், டார்கெட் இரண்டையும் அழித்துவிட்டு ரிலீஸ் என்று ஒரே வரி போதும்.

12 பிப்ரவரி 2024

‘அப்படியானால் ரிலீஸ் இருக்கும்போது பழைய ஜேடிகே தேவையில்லைதானே?’ கம்பைல் செய்ய வேண்டாம். ஓட்டிப் பார்க்க வேண்டும். 8-இல் எக்ஸ்எம்எல்லை ஜாவா ஆப்ஜெக்ட்டாக மாற்றும் ஜேஏஎக்ஸ்பி நூலகம் உள்ளேயே இருந்தது, 11-இல் எடுத்துவிட்டார்கள். ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் நாஸ்ஹார்ன் 15-இல் போனது. 17-இல் ஜாவாவின் உள்ளறைக் கதவுகளை ரிஃப்ளெக்‌ஷன் வைத்து, தனியாக அனுமதி கொடுக்காமல், திறக்க முடியாது. எதில் ஓடப்போகிறதோ அதில் ஒரு முறை ஓட்டாமல் அனுப்பினால் என்னைப் போல அஞ்சல் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

3 மார்ச் 2024

இது தமிழில் கோப்பு எழுதுகிறவர்களுக்கு. மற்றவர்களுக்கும்தான், ஆனால் வலி நமக்கு.

அக்காவின் மளிகைக் கடைக்குச் சரக்குப் பட்டியல் வைக்க ஒரு சின்ன ஸ்விங் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். என் மெஷினில் இன்டெலிஜேயில் ஓட்டினேன், அருமை. ரிலீஸ் 8 போட்டு ஜாராக்கி அக்காவுக்குக் கொடுத்தேன் (பிப்ரவரியில் கற்றுக்கொடுத்த பெருமை வேறு). மூன்று நாள் கழித்து அக்கா ஒரு படம் அனுப்பினாள். துவரம் பருப்பு இருந்த இடத்தில்:

?????? ???????

முதல் சொல்லில் ஆறு கேள்விக்குறி, இரண்டாவதில் ஏழு. எண்ணிப் பார்த்தேன். த, உகரக் குறி, வ, ர, ம, புள்ளி: ஆறு. ‘பருப்பு’க்கு ஏழு, அதுவும் சரியாக வருகிறது. நமக்கு நான்கு எழுத்து, யூனிகோடுக்கு ஆறு. ஒன்றைக்கூட விடாமல் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறது.

என் மெஷினில் ஏன் வரவில்லை? இன்டெலிஜே அதை 21-இல் ஓட்டியது. அக்கா ஜாரை இரட்டைக் கிளிக் செய்தாள், அவள் மெஷினில் ஜார் திறப்பது 8. ஜாவா 18-லிருந்துதான் இயல்பான எழுத்துக் குறியீடு எல்லா இடத்திலும் யூடிஎஃப்-8. அதற்கு முன்னால் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்வதைக் கேட்கும்; ஆங்கில விண்டோஸில் அது 1252. அதில் தமிழுக்கு ஒரு எழுத்தும் இல்லை. ஃபைல்ரைட்டர் எழுத முடியாததற்கெல்லாம் கேள்விக்குறி போட்டுவிட்டு ஒன்றும் நடக்காதது மாதிரி அடுத்த வேலைக்குப் போகும். பிழைச் செய்தி கிடையாது. படிக்கும்போது குழம்புவதென்றால் மீட்கலாம், எழுதும்போது கேள்விக்குறியானால் போனது போனதுதான். துவரம் பருப்புக்கும் கடலைப் பருப்புக்கும் பாசிப் பருப்புக்கும் கேள்விக்குறிக் கணக்கு ஒன்றேதான், விலையை வைத்துத்தான் எது எது என்று கண்டுபிடித்தோம். விலை எண்கள் பிழைத்தன, அது பெரிய உதவி.

‘வரமிளகாய்’க்கும் ‘பெருங்காயம்’ வரிக்கும் மட்டும் அக்காவுக்கும் எனக்கும் கொஞ்சம் வாக்குவாதம்.

4 மார்ச் 2024

தீர்வைச் சொல்லாமல் பருப்பைப் பற்றியே எழுதியிருக்கிறேன். கோப்பைத் திறக்கும் இடத்திலேயே யூடிஎஃப்-8 என்று கொடுத்துவிடுங்கள். ஃபைல்ரைட்டருக்கு நேரடியாக அதைக் கொடுக்கும் வசதி 11-இல்தான் வந்தது. 8-இல் அவுட்புட்ஸ்ட்ரீம்ரைட்டர் வழியாகப் போக வேண்டும், அல்லது ஃபைல்ஸ் வகுப்பின் நியூபஃபர்ட்ரைட்டர், அது 8-லேயே யூடிஎஃப்-8 தான். கோடுக்குள் தமிழ் எழுத்து இருந்தால் கம்பைலருக்கும் என்கோடிங் சொல்ல வேண்டும்.

24 மார்ச் 2024

எந்தக் கருவி வைத்து மாற்றுகிறீர்கள் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். லினக்ஸிலும் மேக்கிலும் எஸ்டிகேமேன். இறக்குவது, இந்த ஜன்னலுக்கு மட்டும் மாற்றுவது, நிரந்தரமாக மாற்றுவது மூன்றும் அதில் உண்டு. புராஜெக்ட் ஃபோல்டரில் ஒரு சின்னக் கோப்பு வைத்தால் எந்தப் பதிப்பு என்று நினைவில் வைத்துக்கொள்ளும். ஜேஎன்வி என்ற இன்னொரு கருவி மாற்றும், இறக்காது.

விண்டோஸில் என்னிடம் இருப்பது வெறும் பேட்ச் கோப்புகள். ஜே8, ஜே17, ஜே21. ஒவ்வொன்றிலும் மூன்றே வரி. ஜாவா ஹோமை அந்த ஃபோல்டருக்கு வை. அந்த ஜேடிகேயின் ‘பின்’ ஃபோல்டரைப் பாத்தின் முன்னால் ஒட்டு. ஜாவாவின் பதிப்பைக் காட்டு. ‘செட்’ மட்டும்தான், ‘செட்எக்ஸ்’ இல்லை. அந்த ஜன்னலோடு பிறந்து அந்த ஜன்னலோடு போய்விடும். இரண்டு ஜன்னல் திறந்து ஒன்றில் 8, ஒன்றில் 21 என்று பக்கத்தில் பக்கத்தில் ஓட்டலாம். சிஸ்டம் பாத்தை நான் தொட்டு ஐந்து வருடம் ஆகிறது.

2 ஏப்ரல் 2024

மேலே சொன்ன பேட்ச் கோப்பில் ஓட்டை இருக்கிறது. ஒரே ஜன்னலில் நாளெல்லாம் ஜே8, ஜே17 என்று மாறிமாறி அடித்தால் ஒவ்வொரு முறையும் பாத் முன்னால் வளர்ந்துகொண்டே போகும். இன்று சாயங்காலம் ‘உள்ளீட்டு வரி மிகவும் நீளம்’ என்று நின்றுவிட்டது. அனுமார் வாலைப் பற்றிக் கிண்டல் செய்தவனுக்கு இது வேண்டும். முதல் முறை ஓடும்போது அசல் பாத்தை வேறொரு பெயரில் எடுத்து வைத்துக்கொண்டு, எப்போதும் அதன் முன்னால் மட்டும் ஒட்டும்படி ஒரு வரி சேர்த்துவிட்டேன். இப்போது நான்கு வரி.

20 அக்டோபர் 2025

தம்பி வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அவருடைய மெஷினில் இப்போது ஐந்து ஜேடிகேயாம், எல்லாமே ஜிப். மாமாவின் மெஷினில் 32-பிட் 8 அப்படியே இருக்கிறது. நான் ஊருக்குப் போனால் அத்தை அந்த லேப்டாப்பை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறார்.

போன மாதம் 25 வந்தது. நேற்று இறக்கி விரித்தேன், ஜாவா ஹோமையும் மாற்றினேன். மேவனின் பதிப்பைக் கேட்டால் 21 என்றது. பாத்தைப் பார்த்தேன், சரி. ஜாவா ஹோமைத் திரும்பவும் திறந்து பார்த்தேன், 25 என்றே இருந்தது. கால் மணி நேரம் எக்லிப்ஸைச் சந்தேகப்பட்டேன், அது ஓடிக்கொண்டுகூட இல்லை. பிறகுதான் கண்ணில் பட்டது, காலையிலிருந்து திறந்திருந்த ஜன்னல்.

மூடிவிட்டுப் புதிதாகத் திறந்தேன். 25. ஒரு சின்ன கிளாஸைக் கம்பைல் செய்து நெற்றியைப் பார்த்தேன், 69.